மேலே சிவப்பு, உள்ளே கறுப்பு: பழைய டயல் போன் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழைய டயல் போன் சேர்க்கும் கிறுக்கு உள்ளவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். புதிதாக இதில் இறங்கியவர் ஏமாந்தால்கூட பரவாயில்லை, பல வருஷமாக இவற்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் நான் ஏமாந்தேன் என்பதுதான் ஆறவில்லை.

ஆன்லைனில் பார்த்த விளம்பரம் இது: வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 500 (அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் கம்பெனிக்காகச் செய்த டயல் போன்), சிவப்பு, 1957, எல்லாப் பாகமும் அதே வருஷத்தது, புதுப்பித்தது, நன்றாக வேலை செய்கிறது. கூடவே ஐந்து படங்கள். நான் முதலில் பார்ப்பது டயலைத்தான். 500-இல் எண்கள் விரல் விடும் சக்கரத்துக்கு வெளியே இருக்கும். எண்களை வெளியே தள்ளியதும் ஆட்கள் சுற்றும் வேகம் குறைந்துபோக, அந்தக் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் உளவியலாளர் ஜான் கார்லின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார், வேகம் திரும்பிவிட்டது. டயல் போல வட்டமாகப் பொத்தான்களை அடுக்கி வரும் இந்தக் காலத்து நகல்களில் அந்தப் புள்ளிக்கு வேலையே இல்லை. இதில் புள்ளி இருந்தது. ஐந்தாவது படத்தில் விற்பவர் போனைக் கவிழ்த்து அடித்தகட்டையும் காட்டியிருந்தார்: ‘சி/டி 500, 3-57’. அதாவது 1957 மார்ச். முத்திரைக்குப் பக்கத்தில் காற்புள்ளி மாதிரி வளைந்த ஒரு துருக்கறை. இவ்வளவு பழசைத் துடைத்து மறைக்காமல் காட்டுகிறாரே, நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் வந்தது பெயிண்ட் வாசனை. அங்கேயே எனக்குத் திக்கென்றது. அசல் சிவப்பு என்றால் நிறம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும், பெயிண்டுக்கு வேலை இல்லை. 1950களின் கடைசி வரை இந்தப் போன்களின் மேல்கூடு டெனைட் என்ற மென்மையான பிளாஸ்டிக். அதில் பியூட்ரிக் அமிலம் உண்டு, கெட்டுப்போன வெண்ணெய் நாறுவதும் அதே அமிலத்தால்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வாந்தி மாதிரி ஒரு புளித்த வாடை அடிக்கும். வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு மட்டும் முகம் மலரும். அப்புறம் வந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு அந்த வாடை கிடையாது, அது கெட்டி, பளபளப்பு.

கீழே இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் மேல்கூடு கையோடு வந்துவிடும். வந்தது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. ஓரங்களில் மட்டும் சிவப்புத் தூற்றல், ஸ்ப்ரே அடித்தபோது உள்ளே சிதறியது. கூட்டின் உள்ளேயே தேதியும் இருந்தது: 11-64. ரிசீவரில் பேசும் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினேன். மரையில் உரசி உதிர்ந்த சிவப்புப் பொடி குங்குமம் போல விரலில் ஒட்டியது, அதன் அடியில் கறுப்பு. கார்பன் மைக்கில் 1971. டயலைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் அது வேறொரு வருஷம். ஆக, மொத்தப் போனிலும் 1957 என்பது அந்த அடித்தகடு ஒன்றுதான்.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். தேதிகள் கலந்திருந்தாலே மோசடி என்று பாய்ந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வீட்டுப் போன் சந்தாதாரருக்குச் சொந்தமில்லை, பெல் கம்பெனியின் வாடகைப் பொருள். திரும்பி வரும் போன்களைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி வந்த 1957 அடித்தகட்டின் மேல் 1964 கூடு உட்கார்ந்திருப்பது சகஜம், அதை நான் ஆசையோடு வாங்குவேன். இவர் சொன்னதோ ‘எல்லாம் 1957, அசல் சிவப்பு’. ரிசீவரில் ‘பெல் சிஸ்டத்தின் சொத்து, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிலேயே பொறித்திருந்ததையும் பெயிண்ட் பாதி அடைத்துவிட்டது.

சரி, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்றாரே? டயல் டோன் வந்தது, அதோடு சரி. மணி அடிக்கவில்லை. மணிச்சுருளிலிருந்து வரும் கம்பி ஒன்று எந்தத் திருகிலும் மாட்டாமல் அந்தரத்தில் நின்றது. அந்தக் காலத்தில் கம்பெனிக்குத் தெரியாமல் வீட்டில் இரண்டாவது போன் வைத்தவர்கள் இப்படிக் கழற்றிவிடுவதுண்டு. லைனில் எத்தனை மணி இருக்கிறது என்பதைக் கம்பெனி அங்கிருந்தே அளந்துவிடும் என்ற பயம். அதை மன்னிக்கலாம், மாட்டிவிட்டேன். (கழற்றி மாட்டும்போது லைனைப் பிடுங்கிவிடுங்கள். மணி வரும் நேரத்தில் அதில் 90 வோல்ட் அளவுக்கு ஓடும், கை வைத்தால் சுளீரென்று இழுக்கும்.)

டயலை மன்னிக்க முடியவில்லை. எந்த எண்ணைச் சுற்றினாலும் தப்பான நம்பர் போனது. விற்றவரிடம் கேட்டேன். “இந்தக் காலத்து லைன் பழைய டயலைப் புரிந்துகொள்ளாது சார், போன் மேல் தப்பில்லை” என்று பதில். கேட்க நியாயமாக இருக்கும், ஏனென்றால் பாதி உண்மை. டயல் ஒவ்வொரு எண்ணையும் அத்தனை துடிப்பாக லைனில் அனுப்பும், 0 என்றால் பத்து; இன்டர்நெட் வழி வரும் பல இணைப்புகளுக்கு அந்தத் துடிப்பு புரியாதுதான். ஆனால் அதே சாக்கெட்டில் என்னுடைய இன்னொரு 500 பிசகாமல் நம்பர் போடுகிறது. செல்போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அவர் டயலில் 0 சுற்றினேன். பத்துத் துடிப்பு ஒரு வினாடியில் முடிந்திருக்க வேண்டும். ஒன்றரை வினாடிக்கு மேல் இழுத்தது, அதிலும் கடைசி இரண்டு முனகிக்கொண்டே வந்தன. டயலின் பின்னால் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு சிறு எடைகள் சுழன்று விரிந்து ஒரு கிண்ணத்தில் உரசும். அதில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. புதுப்பித்தவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒலிப்பதிவையும் கறுப்புக் கூட்டின் படத்தையும் அனுப்பினேன். “புதுப்பித்தது என்றால் பெயிண்டும் சேர்த்துத்தானே” என்று ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

இனி வாங்குகிறவர்கள் அடித்தகட்டுப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். மேல்கூட்டின் உள்பக்கம், ரிசீவர் மூடியைக் கழற்றிய படம், டயலின் பின்பக்கம், இந்த மூன்றையும் கேளுங்கள். இரண்டு ஸ்க்ரூ வேலைதான், முடியாது என்று சொல்கிறவரிடம் நமக்கும் வேலை இல்லை. முடிந்தால் 0 சுற்றி விடுவதை வீடியோவாகக் கேளுங்கள், சத்தத்தோடு.

போன வாரம் அவருடைய புது விளம்பரம் கண்ணில் பட்டது. பச்சை 500, 1957, எல்லாம் அசல். ஐந்தாவது படம் அடித்தகடு: ‘சி/டி 500, 3-57’, பக்கத்தில் காற்புள்ளி மாதிரி ஒரு துருக்கறை. அந்தத் தகடு இதை எழுதும்போது என் மேஜையில் கிடக்கிறது.