டே லில்லி: தளிரா, மொட்டா, உலர்ந்த பொன் ஊசியா?

மலேசியா, சிங்கப்பூரில் சீன மளிகைக் கடைக்குப் போகிறவர்களுக்குக் 'கிம் சியாம்' (பொன் ஊசி) பாக்கெட் பழக்கமானதாக இருக்கும். அந்தப் பழுப்பு மஞ்சள் குச்சிகள் டே லில்லி என்ற பூச்செடியின் விரியாத மொட்டுகள், உலர்த்தியவை. இதே செடி வகையின் இளந்தளிரைத்தான் கொரியர்கள் 'வொன்சுரி' என்று வசந்தகாலக் கீரையாகச் சமைக்கிறார்கள். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்றைப் போடலாம் என்று சமையல் குறிப்புகள் எழுதுவது தவறு. தளிர் கீரை, உலர்ந்த மொட்டு குழம்புக்கு மணமும் மெல்லும் சுகமும் தரும் சேர்மானம்.

கீரையாகச் சாப்பிட விரும்பினால் தளிருக்கு ஈடு இல்லை. லேசான இனிப்பு, கடித்தால் நறுக்கென்ற அடித்தண்டு, உள்ளே சிறு வழவழப்பு. ஆனால் பருவம் குறுகியது: கொரியாவில் மார்ச், ஏப்ரல். 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மண்ணை ஒட்டி வெள்ளை அடிப்பாகத்தோடு கத்தியால் அறுக்க வேண்டும். அடி அறுந்துபோனால் இலைகள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். நன்றாக வளர்ந்துவிட்டால் நார் ஏறும், விட்டுவிடுவதே நல்லது. முற்றிய இலையைக் கொரிய உணவுப் பாதுகாப்புத் துறையும் சாப்பிடக் கூடாது என்றே எச்சரிக்கிறது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் கோல்சிசின். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள அதே நஞ்சு. டே லில்லியில் இருப்பது உண்மையில் கோல்சிசின்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தின்றவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது உண்மை. கோல்சிசின் சூட்டில் எளிதில் அழியாது, தண்ணீரில் கரையும். ஆகவே வேகவைப்பதைவிட, வெந்த தண்ணீரைக் கொட்டுவதுதான் முக்கியம். எண்ணெயில் நேரடியாக வதக்குவதும், அந்தத் தண்ணீரையே சூப்புக்கு வைத்துக்கொள்வதும் கூடாது.

கால் கிலோ தளிருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. மடிப்புகளுக்கிடையே மண் ஒளிந்திருக்கும், அடியை விரித்துக் கழுவுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடிப்பாகத்தை மட்டும் அரை நிமிடம் பிடித்து, பிறகு முழுதும் அமிழ்த்தி இரண்டு நிமிடம் விடுங்கள். வடித்து, குளிர்ந்த நீரில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறட்டும். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிழியும்போது உள்ளங்கையால் அழுத்தினால் போதும், முறுக்கினால் கூழாகிவிடும். கொரிய முறையில் ஒரு மேசைக்கரண்டி தோயென்ஜாங் (புளித்த சோயா விழுது), நசுக்கிய பூண்டு ஒரு பல், நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, வறுத்த எள். ஜப்பானில் வெள்ளை மிசோ (அந்த ஊர்ப் புளித்த சோயா விழுது) இரண்டு பங்கு, அரிசி வினிகர் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. எதுவானாலும் பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்பே கலந்தால் உப்பு நீரை இழுத்துத் தட்டெல்லாம் தண்ணீராகும்.

தைவானில் இதே தண்டை வெயில் படாமல் மூடி வளர்த்து வெளுக்கச் செய்கிறார்கள். 'பியூசுன்' என்று பெயர், பார்வைக்கு வெங்காயத்தாள் போல இருக்கும். மேலே சொன்னபடி வேகவைத்து நீரைக் கொட்டிய பிறகு, பன்றி இறைச்சிக் கீற்றோடும் மிளகாயோடும் வதக்க இதுவே சிறந்தது, நாரும் குறைவு. ஆனால் வெயில் காணாததால் பச்சைத் தளிரில் உள்ள அளவு கரோட்டின் இதில் இருக்காது. சத்துக்காக வாங்குகிறவர் பச்சையையே தேடட்டும். அதிலும் ஊறவைக்கும்போது வைட்டமின் சி, ஃபோலேட் தண்ணீரோடு போகும். கரோட்டினும் நார்ச்சத்தும் தங்கும். நல்லெண்ணெய் கரோட்டினை உடல் உறிஞ்ச உதவுகிறது.

பச்சை மொட்டு? தொல்லை அதிகம். விரியும் முன் பறித்து, கேசரங்களைக் கிள்ளி எறிந்து, தளிரைப் போலவே வேகவைத்து ஊறவைத்து, மறுபடியும் நன்றாகச் சமைக்க வேண்டும். ஒரு வேளைக்குச் சிறு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

உலர்ந்தது ஆண்டு முழுதும் கிடைக்கும், பாதுகாப்பானதும் அதுதான்; ஆவியில் வேகவைத்த பிறகே உலர்த்துகிறார்கள். சீனாவில் ஷான்சி மாகாணத்தின் தாதோங் இதற்குப் பேர்போனது. நான்கு பேருக்கு 30 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டி, கெட்டியான காம்பு நுனியை நறுக்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரு முடிச்சுப் போட்டால் கொதியில் பிரியாது. காரப்புளி சூப்பிலும், மரக்காது எனப்படும் கறுப்புக் காளானோடு சேர்ந்த சைவக் கூட்டிலும் இதன் மண்வாசம் அருமையாக எடுபடும். வாங்கும்போது எலுமிச்சை மஞ்சளில் பளபளத்து மூக்கில் காரமாக ஏறினால் கந்தகப் புகை கூடுதலாகப் போட்டது. மங்கிய பழுப்பு மஞ்சளே நல்லது.

தோட்டத்திலிருந்து பறிக்க நினைப்பவர்களுக்கு: நம் ஊரில் 'லில்லி' என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம், மழை லில்லி, ஸ்பைடர் லில்லி எல்லாமே நஞ்சு. அவற்றின் அடியில் வெங்காயம் போன்ற குமிழ் இருக்கும். டே லில்லிக்குக் குமிழ் இல்லை, பருத்த வேர்கள்தாம், இலைகள் விசிறியாக இருபுறமும் எழும். கொரிய மலைகளில் இதோடு குழம்புவது 'யொரோ' என்ற நச்சுச் செடி: அதன் இலையில் ஆழமான மடிப்பு வரிகளும் ரோமமும் இருக்கும், வொன்சுரி இலை வழவழப்பானது. வேர் வரை தோண்டிப் பார்த்து உறுதியாகாத செடியைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் டே லில்லியின் எந்தப் பகுதியும் அதற்கு எட்டக்கூடாது. சிறிது தின்றாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்.