பொருட்காட்சியில் அத்தர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே ஓர் அத்தர் கடை. கடைக்காரர் திறந்திருந்த சாம்பிள் குப்பியிலிருந்து என் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவினார். ஆப்பிள், பிளம், நடுவே பட்டையும் கிராம்பும். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைத்த ஜாடியைத் திறந்த மாதிரி இருந்தது. "கன்னோஜ் சரக்கு அக்கா. பழத்தையே வடிச்சு சந்தன எண்ணெயில இறக்கினது" என்றார். கன்னோஜ் என்பது உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன ஊர். 12 மில்லி ₹900. சீல் வைத்த குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், வாங்கிவிட்டேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு மணிக்கட்டிலும் தடவினேன். பத்து நிமிடம் பழ வாசனை. பஸ் ஏறி உட்காருவதற்குள் அது போய், பல் டாக்டர் அறையில் அடிக்கும் கிராம்பு நெடி மட்டும் நின்றது. பதினோரு மணிக்கு அதுவும் அடங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் சர்க்கரைப் பாகு காய்ந்தது போல ஒரு தித்திப்பு. சந்தனம் எங்கேயும் இல்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கட்டும் சிவந்து, பொடிப்பொடியாகத் தடித்து, ராத்திரி முழுக்க அரிப்பு. தோல் மருத்துவர் பார்த்ததுமே என்ன பூசினீர்கள் என்றார். பட்டை வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு பலருக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலிலேயே தங்கும் பொருளில் அது 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிளில் பெயர் போட்டாக வேண்டும். என் குப்பியில் ஒட்டியிருந்தது ஒரு ரோஜாப் படம் மட்டும்தான்.

சனிக்கிழமை அந்தக் கடைக்குத் திரும்பப் போனோம். "உங்க உடம்புச் சூடு அக்கா, ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி மாறும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான், ஏனென்றால் அது பாதி உண்மை. பழ வாசனை தரும் எஸ்டர் என்ற வேதிப்பொருள்கள் லேசானவை, தோல் சூட்டில் முதலில் பறந்துவிடும். அப்புறம் மசாலா, கடைசியில் அடியில் இருக்கும் எண்ணெய். நல்ல அத்தரும் மாறத்தான் செய்யும். ஆனால் மாறி எங்கே போய் நிற்கிறது என்பதில்தானே சரக்கு தெரியும்?

என் வீட்டுக்காரர் இரண்டு முழங்கையையும் நீட்டினார். இடது பக்கம் கடையின் சாம்பிள் குப்பி, வலது பக்கம் எனக்கு விற்ற குப்பி. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து முகர்ந்தோம். இடது கையில் பட்டைக்கு அடியில் மெதுவாகச் சந்தனம். வலது கையில் அதே பிளாஸ்டிக் தித்திப்பு. ஒரே உடம்பு, ஒரே சூடு! காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறொன்று. "சீல் உடைச்சா திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையில் இருந்த பில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடைப் பெயர்கூட இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேச நினைத்தபோதுதான் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரிந்தது.

கணக்கு அன்றைக்கே போட்டிருக்கலாம். நம் நாட்டுச் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சத்துக்கு மேல். 12 மில்லிக்குச் சந்தனம் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும், ₹900க்கு எப்படிக் கொடுப்பார்கள்? பழத்தை வடித்தது என்பதும் பொய். கன்னோஜில் செம்புப் பாத்திரத்தில் பூவையும் மூலிகையையும் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் எண்ணெய் உண்டு. ஆப்பிளையும் பிளம்மையும் காய்ச்சினால் அப்படி எண்ணெய் வராது, அந்த வாசனை ஆய்வுக்கூடத்தில் கலப்பதுதான். கலப்பது தப்பில்லை. அதைச் சொல்லி, அதற்கான விலைக்கு விற்கட்டும்.

உங்களுக்கு விற்கப்போகும் குப்பியையே திறக்கச் சொல்லி, முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். தோல் இரண்டு மூன்று நாள் கழித்தும் அரிக்கலாம், அதனால் அவசரப்பட வேண்டாம். பிடித்திருந்தால் கடைப் பெயர் போட்ட பில்லோடு வாங்குங்கள்.

அந்தப் பொருட்காட்சி இன்னும் பத்து நாள் இருக்கிறது. கடைக்காரர் வருகிற குழந்தைகளின் கையைப் பிடித்தும் தடவிவிடுகிறார். தயவுசெய்து தடவ விடாதீர்கள்.