மின்னலுக்குப் பிறகு எழும்பாத கணினி: பவர் சப்ளையா, மதர்போர்டா?

ஒக்டோபர், நவம்பரில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பின்னேர இடிமழை சகஜம். அதற்குப் பிறகு கணினி எழும்பவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்ட் ஆகிய இரண்டில் ஒன்றுதான். அதற்கு முன், பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். சில நேரம் இதுவே போதும்.

பவர் சப்ளை என்றால் தப்பித்தீர்கள். ஃபேன் அசையாது, சிலவேளை பின்பக்கம் கருகல் வாடை அடிக்கும். சோதிப்பதும் சுலபம். கரண்டைத் துண்டித்து, உள்ளே போகும் வயர்களை எல்லாம் கழற்றி, 24 பின் கொனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் பெரும்பாலும் பழுது அதில்தான். சுற்றினாலும் நம்பிவிட முடியாது. 12, 5, 3.3 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டர்தான் சொல்லும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

மதர்போர்ட் கதை வேறு. நல்ல பவர் சப்ளையை மாட்டியும் அசைவில்லை என்றால் சந்தேகம் அதன்மேல். ரவுட்டரும் செத்திருந்தால் மின்னல் ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் லேன் வயர் வழியாக வந்திருக்கலாம். பழைய மொடலுக்குப் பொருந்தும் போர்ட் கிடைப்பது கஷ்டம். புதியது வாங்கினால் அதில் மாட்டும் சிபியு சிப், ராம் மெமரி இரண்டையும் மாற்ற நேரலாம். பவர் சப்ளைக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். பழைய போர்டுக்கு நான் காசு போடமாட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, படங்களையும் கடிதங்களையும் வேறு கணினியில் எடுத்துக்கொள்வேன்.