பிரஷர் வாஷர் வாங்கலாமா என்று கேட்டவனுக்கு: முதலில் துண்டு வாங்கு

காரைக் கழுவ தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சும் என் பிரஷர் வாஷர் மறுபடியும் சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்திருக்கிறது. அதே வாரம் நண்பன் ஒருவன், "விலை குறைஞ்சிருக்குடா, வாங்கிடவா?" என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வாட் எவ்வளவு, பார் எவ்வளவு என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடலாம். எங்கள் வீடு தாம்பரம் பக்கம், முழுக்க போர் தண்ணீர். கார் அடர் நீலம். இந்த இரண்டையும் சொன்னாலே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இங்கே காரைக் கழுவுவது பெரிய வேலை இல்லை. அது தானாகக் காய்வதற்குள் துடைத்து முடிப்பதுதான் வேலை.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம் என்று இருக்கிறது. எங்கள் தண்ணீர் மீட்டரில் ஆயிரத்தைத் தாண்டித்தான் நிற்கும். குடிக்கவே அவ்வளவு விடும்போது காருக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். பானெட் மேல் நிற்கும் துளியில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே வெள்ளை வட்டமாக உட்கார்ந்துவிடும். புதுக் கறை என்றால் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் தொட்டுத் துடைத்து, உடனே கழுவிவிட்டால் போய்விடும். வெயிலில் பல நாள் கிடந்தால் பெயின்ட்டுக்கு மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டிலேயே தடம் விழும், பிறகு பாலிஷ் போட்டுத் தேய்த்தால்தான் உண்டு. அந்த கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 50 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. எத்தனை முறை தேய்க்க முடியும்?

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்ஓ மிஷினில் இருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்ஓ வடிகட்டித் தள்ளிய உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, போர் தண்ணீரைவிட மோசம். அதில் தரையைக் கழுவுங்கள், காரைக் கழுவாதீர்கள்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடியின் (கன்) விசையை விட்டால் மோட்டார் நிற்க வேண்டும், மறுபடி அழுத்தினால் ஓட வேண்டும். என்னுடையது விசையை விட்ட பிறகும் சில நொடிக்கு ஒரு தடவை "டுர்ர்" என்று தானாக ஓடி நிற்கும். ஷாம்பு தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் டுர்ர். டயருக்குக் குனியும்போது டுர்ர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. காரணம் சின்னது. உள்ளே ஏதோ ஒரு ரப்பர் வளையத்திலோ வால்விலோ கசிவு இருந்தால் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், குறைந்ததும் ஸ்விட்ச் மோட்டாரை எழுப்பிவிடும். வளையத்தை மாற்றினார்கள், சில மாதம் நன்றாக இருந்தது, திரும்ப ஆரம்பித்துவிட்டது. "தண்ணியில உப்பு ஜாஸ்தி சார்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். இந்த ஊரில் விற்கிற மிஷின் இந்த ஊர்த் தண்ணீரைத் தாங்க வேண்டாமா? இதைக் கேட்டால் பதில் இல்லை, பில் மட்டும் வருகிறது. ஹோஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது, டயருக்கு அடியில் போய்ச் சிக்காத நாளே கிடையாது.

ஆனாலும் நியாயமாகச் சொன்னால், மழைக்காலத்தில் மட்கார்டுக்கு உள்ளே அப்பியிருக்கும் சேற்றைக் கையால் எடுக்கவே முடியாது. இந்த மிஷின் ஒரு நிமிடத்தில் உரித்துவிடும். மணலைத் தொடாமலேயே அடித்துத் தள்ளிவிடுவதால், துணி வைத்துத் தேய்க்கும்போது கீறல் விழுவதும் குறைகிறது. தண்ணீரும் மிச்சம்தான். நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் இழுக்கிறது, சாதாரண ஹோஸைத் திறந்துவிட்டால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள்.

இப்போது துண்டு. மிஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, முறுக்கு நூல் வைத்த மைக்ரோஃபைபர் துண்டு. பெரிய அளவு, 1200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). இதை வாங்கும்போது பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன் வைத்திருந்தது கடைகளில் உருளை டப்பாவில் வரும் மஞ்சள் துணி. அது பானெட்டில் பாதி துடைப்பதற்குள் நிறைந்துவிடும், பிழிந்து பிழிந்து கை வலிக்கும், அதற்குள் கூரை காய்ந்து வட்டம் விழுந்திருக்கும். இந்தத் துண்டை விரித்துப் போட்டு, இரண்டு மூலையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் போதும். அழுத்த வேண்டாம், தேய்க்கவே வேண்டாம். இழுத்த இடம் அப்படியே காய்ந்து பளபளக்கும். பிழியாமலேயே முழுக் காரும் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு இது சந்தோஷமாக இருக்கிறது.

துடைக்கும் முன் கடைசி அலசலை மிஷினில் செய்யாதீர்கள், அது துளித்துளியாகத் தெறிக்கும். முனை இல்லாத சாதாரண ஹோஸில், அழுத்தமில்லாமல் கூரையிலிருந்து வழியவிட்டால் தண்ணீர் ஒரே தகடாக இறங்கும், மேலே மிச்சம் கொஞ்சம்தான் நிற்கும். நான் அதற்கும் மேலே ஒரு வாளி ஏசி தண்ணீரை ஊற்றுகிறேன். காற்றில் இருக்கும் ஈரம்தானே குளிர்ந்து வடிகிறது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்துக்கு ஓர் இரவிலேயே நிறைய சேரும். தூசு இருக்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு கண்ணாடியில்கூட வட்டம் இல்லை.

எல்லாம் துடைத்த பிறகும் சைடு மிரருக்குள், பெட்ரோல் மூடிக்குள், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஒளிந்திருக்கும். அரை மணி கழித்து வழிந்து கதவில் கோடு போடும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அதுவும் இறங்கிவிடும், பிரேக் டிஸ்க்கும் காய்ந்துவிடும். அப்புறம் இன்னொரு முறை துண்டு.

துண்டைத் தனியாகத் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் எதுவும் சேர்க்கக் கூடாது, நூலில் படிந்துவிட்டால் பிறகு தண்ணீரை உறிஞ்சாது. கீழே விழுந்தால் அன்றைக்கு அதோடு சரி, ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் கார் முழுக்கக் கீறும்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: மிஷின் வாங்காதே. சேற்றுக்கும் தண்ணீர் மிச்சத்துக்கும் அது நல்லது என்று நானேதான் மேலே எழுதியிருக்கிறேன், அதில் ஒரு வரியையும் மாற்றப்போவதில்லை. ஆனால் நேற்றுதான் பில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன், இன்று காலை விசையை விட்டதும் அது திரும்பவும் டுர்ர் என்றது. இந்த மிஷினை இன்னொருவர் வீட்டுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாளி, நல்ல ஷாம்பு, தேய்க்க ஒரு கையுறை போதும். துண்டு மட்டும் இரண்டாக வாங்கு, கதவு ஓரத்து அழுக்குக்கும் டயருக்கும் பழையது ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்.