பைக்குக்கு டிபிஎம்எஸ்: டிஸ்ப்ளேயைவிட வால்வுதான் முக்கியம்

ஓடும்போதே டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவிதான் டிபிஎம்எஸ். சிங்கப்பூரில் இணையக் கடைகளில் ஐம்பது வெள்ளிக்குள் விற்கும் டிபிஎம்எஸ் செட்டில் பெரும்பாலும் இருப்பவை இவைதான்: வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் இரண்டு சென்சார், ஹேண்டில்பாரில் மாட்ட ஒரு சின்ன டிஸ்ப்ளே, சென்சாரைத் திறக்கும் பிளாஸ்டிக் ஸ்பானர், இரண்டு பூட்டு நட், அவற்றுக்கான ஸ்பானர். உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாக அன்றாடம் மலேசிய எல்லை தாண்டுபவர்களுக்கும், விடுமுறையில் மலேசிய நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கும் இது வாங்கத் தகுந்த பொருள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். பின் டயர் 42 பிஎஸ்ஐயிலிருந்து 30க்கு வந்தபிறகும் நேர்ச்சாலையில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. வளைவில்தான் வண்டி அலையும். அந்த வளைவு வருமுன்பே சொல்லிவிடுவதுதான் இந்தக் கருவியின் பயன். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு மாட்டிவிடாதீர்கள்.

இந்த சென்சார் வால்வுக்குள் இருக்கும் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போதுதான் காற்று சென்சாரின் வாய்வரை வந்து அழுத்தம் தெரியும். அதனால் இனிமேல் காற்றைத் தடுத்து நிறுத்துவது அந்த ஊசி இருக்கும் உள்பாகமான வால்வு கோர் அல்ல, சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம். அது சரியாக உட்காராவிட்டால் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவியே கசிவுக்குக் காரணமாகிவிடும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவி இரண்டு நிமிடம் காத்திருங்கள். கசிந்தாலும் குமிழி பெரிதாக வராது. திருகு முடியும் இடத்தில் ஊசிமுனை அளவில் ஒன்று மெதுவாக உப்பும். அதுவே போதும், கழற்றி மறுபடி மாட்ட.

அடுத்தது எடை. சென்சார் ஒன்று ஏறக்குறைய 10 கிராம். 17 அங்குலச் சக்கரத்தில் வால்வின் நுனி அச்சிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டர் தள்ளிச் சுழல்கிறது. நம் விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே செயல்படும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 125 மடங்கு. அதாவது அந்தப் பத்துக் கிராம் ஒன்றேகால் கிலோவாகக் கனக்கிறது. 110இல் ஏறக்குறைய 1.9 கிலோ. ரப்பர் வால்வு சற்றே சாய்ந்திருந்தாலும் இந்தக் கனம் அதை ஒரு பக்கமாக வளைக்கும். வேகம் ஏறும்போது வளைந்து, நிற்கும்போது நிமிர்ந்து, கடைசியில் ரிம்மை ஒட்டிய கழுத்தில் ரப்பர் வெடிக்கும். வால்வைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளி அடியைப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல்கள் தெரிந்தால் அதன்மேல் சென்சார் மாட்டவே கூடாது. கீறல் இல்லாவிட்டாலும் நெடுஞ்சாலை ஓட்டுபவர்கள் உலோக வால்வுக்கு மாறிவிடுவது நல்லது. அதற்கு டயரை ரிம்மிலிருந்து இறக்க வேண்டும் என்பதால், புது டயர் போடும்போதே காக்கி புக்கிட், ஊபி பக்கத்துப் பட்டறைகளில் சேர்த்துச் செய்துகொள்ளலாம். ரிம்மின் வால்வுத் துளை 8.3 மில்லிமீட்டரா 11.3 மில்லிமீட்டரா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது.

எல் வடிவ வால்வு பெட்ரோல் நிலையத்தில் வசதி. ஆனால் அதில் சென்சார் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பதால் வளைக்கும் விசை முழுதாக விழும். உலோகமாகவும், அடி நட் நன்றாக இறுகியும் இருந்தால் மட்டுமே சம்மதிக்கலாம். சென்சாரின் திருகு பித்தளையாகவும் வால்வு அலுமினியமாகவும் இருந்தால், இங்குள்ள மழையில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சென்சாரைத் திருகினால் வால்வும் சேர்ந்து முறியும். பித்தளை வால்வாக வாங்குங்கள். எதுவானாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்சாரைக் கழற்றி மாட்டுங்கள்.

மாட்டுவது கால்மணி நேர வேலைதான். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, நம்பகமான தனி கேஜ் வைத்துக் காற்றைச் சரிசெய்யுங்கள். பூட்டு நட்டை முதலில் வால்வில் ஏற்றிவிட்டு, 'முன்' என்று குறித்த சென்சாரை முன் சக்கரத்தில் திருகுங்கள். சீறல் நின்றபிறகு விரலால் இன்னும் கொஞ்சம் இறுக்கி, நட்டைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து பூட்டுங்கள். இடுக்கி போட்டு முறுக்கினால் ரப்பர் வளையம் நசுங்கிவிடும். பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பிரேக் காலிப்பரிலோ ஸ்கூட்டரில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தையாவது சென்சாரோடு சேர்த்து பேலன்ஸ் செய்வது நல்லது.

டிஸ்ப்ளேயை பார் அலகில் வைக்காதீர்கள். ஒரு தசம இடம்தான் காட்டும், 0.1 பார் என்பது ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ, அதற்குள் குறைவது தெரியாது. பிஎஸ்ஐ அல்லது கிலோபாஸ்கல் நல்லது. அலாரம் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோண்டா சூப்பர் ஃபோர் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: முன் 36, பின் 42, இரண்டும் குளிர்ந்த டயருக்கான அளவு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் 28 டிகிரியில் நின்ற டயர் மதிய வெயிலில் ஓடி 58 டிகிரிக்குச் சூடானால், முன் 41க்கும் பின் 47க்கு மேலும் ஏறும். இது இயல்பு. மேல் அலாரத்தை முன் 45, பின் 52 என்று வைத்தால் வீணாகக் கத்தாது. கீழ் அலாரம் 32, 37. சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. குளிர்ந்ததும் குறைந்து நிற்கும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து: நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியதும் பின் சக்கர டயர் 42 காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். 47 காட்டவேண்டிய நேரத்தில் 42 என்றால் 5 பிஎஸ்ஐ எங்கோ போயிருக்கிறது, அலாரமோ பேசாமல் இருக்கும். வழக்கமாகச் சூட்டில் எவ்வளவு ஏறுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கசிவை அலாரத்துக்கு முன்பே பிடிக்கலாம். செட் காட்டும் வெப்பநிலையை நம்பவேண்டாம். சென்சார் டயருக்கு வெளியே காற்றில் சுழல்வதால் அது டயரின் உள்சூடு அல்ல.

ஹேண்டில்பாரில் இப்போது சாலைக் கட்டணத்துக்கான ஓபியு கருவி வேறு உட்கார்ந்திருப்பதால் டிஸ்ப்ளேக்கு இடம் தேடவேண்டியிருக்கும். ஓபியு திரையை மறைக்காமல் கண்ணாடித் தண்டில் மாட்டுவது எளிது. சார்ஜ் செய்யும் வகை வெயிலில் நின்று நின்று பேட்டரி கெடும். வயர் இணைக்கும் வகையே நல்லது. சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்து இணைக்கவேண்டும். நேரே பேட்டரியில் கொடுத்தால் நிறுத்திய வண்டியிலும் மின்சாரம் இழுக்கும்.

ஈப்போவில் இயங்கும் சலுட்டிக்கா நிறுவனத்தின் 'ஃபோபோ பைக்' என்ற டிபிஎம்எஸ் செட் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கே அளவை அனுப்புகிறது. டிஸ்ப்ளே தேவையில்லை, ஏற்கெனவே கைப்பேசியை வழிகாட்டியாக மாட்டி ஓட்டுபவர்களுக்குப் பொருத்தம். கைப்பேசியைப் பையில் போட்டு ஓட்டுபவர்களுக்கு டிஸ்ப்ளே வகைதான் சரி. டயருக்குள் வைக்கும் சென்சார் திருட்டுக்கும் மழைக்கும் தப்பும், வால்வில் கனமும் நீட்டாது. விலை கூடுதல், டயர் மாற்றும்போது லீவர் பட்டால் உடையும். பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். பஞ்சர் திரவம் ஊற்றும் பழக்கமுள்ளவர்கள் இரண்டு வகையிலும் கவனமாக இருங்கள். அந்தத் திரவம் சென்சாரின் துளையை அடைத்தால் டிஸ்ப்ளே பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

சென்சாரைக் கழற்றாமலே காற்றடிக்க உதவும் டி வடிவ இணைப்பு சில செட்டோடு வருகிறது. எடையும் கசியும் இடங்களும் கூடுவதால் அதைப் பெட்டியிலேயே விடலாம். மாறாக, பூட்டு நட்டுக்கான ஸ்பானரை இருக்கைக்குக் கீழே மறக்காமல் போடுங்கள். அது வீட்டில் இருந்தால் மலேசிய நெடுஞ்சாலையின் பாகோ ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டும் காற்றடிக்க முடியாது.