வாய் நாற்றத்துக்கு எது கை கொடுக்கும்: நாக்கு வழிப்பானா, மவுத்வாஷா?

வாய் நாறினால் உடனே வயிற்றைக் குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலும் நாற்றம் பிறப்பது வாயிலேதான், அதிலும் நாக்கின் பின்பகுதியில், தொண்டையை ஒட்டி. அங்கே வெள்ளையாகப் படியும் மாவில் காற்று படாமல் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் காலையில் இன்னும் மோசம்.

இந்த மாவை வழித்து எடுத்துவிடுவது நாக்கு வழிப்பான். வேப்பங்குச்சியால் பல் துலக்கிவிட்டு, அதையே இரண்டாகப் பிளந்து வளைத்து நாக்கை வழித்தவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இன்றைக்கு ஸ்டீலிலோ செம்பிலோ 100 ரூபாய்க்குள் கிடைக்கிறது, வருடக்கணக்கில் உழைக்கும். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, உள்ளிருந்து நுனி வரை மெதுவாக மூன்று நான்கு தடவை இழுத்தால் போதும். முன்பக்கத்தை மட்டும் வழித்தால் பிரயோஜனமில்லை. குமட்டினால் மூச்சை வெளியே விட்டபடி வழித்துப் பாருங்கள். ரத்தம் வரும்படி சுரண்டவே கூடாது.

மவுத்வாஷில் வேலை வேகம். ஆனால் புதினா மணம் மட்டும் தருவது கொஞ்ச நேரம் நாற்றத்தை மூடி வைக்கும், அவ்வளவுதான். துத்தநாகமோ, செட்டைல்பிரிடினியம் என்ற கிருமிநாசினியோ சேர்ந்தது உண்மையிலேயே பலன் தரும். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இன்னும் வலுவானது. அதை வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசியும் மாறும். டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும். வாய் அடிக்கடி வறண்டு போகிறவர்கள் ஆல்கஹால் கலக்காததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பால் கெடுதல் இல்லை, ஆனால் அது பல் துலக்குவதற்கு மாற்றாகாது. ஏலக்காய், கிராம்பு எல்லாம் வாசனைக்குத்தான்.

ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருக்கிறது என்றால், யோசிக்காமல் நாக்கு வழிப்பான் என்பேன். அதையும் ஃபுளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளைப் பல் துலக்கலோடு சேர்த்தால்தான் பலன். பல் இடுக்கில் சிக்கியதை எடுக்க ஃபிளாஸ் நூல் வேண்டும். அதற்கப்புறமும் நாற்றம் போகவில்லை, துப்பும்போது ரத்தம் தெரிகிறது என்றால் பிரச்சினை ஈறில் இருக்கலாம். பல்லில் கல் போல காரை கட்டியிருந்தால் வீட்டில் எதைக் கொண்டும் பெயர்க்க முடியாது. பல் டாக்டரிடம் போய் கிளீனிங் செய்துகொள்ளுங்கள். அதனால் பல் ஆட்டம் காணும் என்ற பயம் வேண்டாம்.