‘முல்லைத்தீவு’ என்று வெட்ட எந்தக் கருவி?

அக்ரிலிக் சீற்றில் ‘முல்லைத்தீவு’ என்று வெட்டிப் பாருங்கள், கருவியின் குணம் தெரிந்துவிடும். ஆறே எழுத்து. ஆனால் வெட்டி முடிய மேசையில் ஒன்பது துண்டு கிடக்கும்: ‘லை’யின் கொம்பு தனி, புள்ளி இரண்டும் தனி. கொம்புக்குள் இரண்டு சுழி, ‘மு’விலும் ‘வு’விலும் அடைத்த ஓட்டைகள். கீறி முறிக்கிற கத்தி நேர்கோட்டுக்குத்தான் சரி. கையில் பிடித்து ஓட்டுகிற மின்வாளான ஜிக்சோவின் பிளேட் அகலம்; சுழியில் திரும்பாது, 3 மில்லிமீற்றர் சீற்றை உதறியே உடைத்துவிடும்.

மாங்குளத்தில் பெயர்ப்பலகையும் மணவறைச் சோடனையும் செய்கிற எனக்கு மிச்சமிருப்பது கைவாள், ஸ்குரோல் வாள், ரூட்டர், லேசர். கைவாள் என்றால் நூல்போன்ற பிளேட் பூட்டிய வில்வாள். ஸ்குரோல் வாள் அதே மெல்லிய பிளேட்டை மேலும் கீழும் ஓட்டுகிற மேசை மின்வாள். ரூட்டர் சுழலும் முனையால் குடைந்து வெட்டுகிற மெசின். கரண்டே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. பொறுமை நமக்குப் புதிதல்ல. ஒரு பெயருக்கு வில்வாள் போதும். பத்துப் பெயருக்கு மணிக்கட்டு தாங்காது.

ஸ்குரோல் வாள்தான் என் கைக்குப் பழகியது. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: பிளேட் நுனியில் குறுக்கு ஊசி இருக்கிறதா, இல்லையா? ஊசி உள்ள பிளேட்டை நுழைக்க ஓட்டையைப் பெரிதாகத் துளைக்க வேண்டும். கொம்புச் சுழிக்குள் அதற்கு இடமில்லை. ஊசியில்லாத பிளேட்டுக்கு 2 மில்லிமீற்றர் துளையே போதும். துளைக்கும்போது அடியில் பலகைத் துண்டு வையுங்கள். இரும்புக்குத் தீட்டிய துளைமுனை அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து வெடிக்க வைக்கும். முனையின் விளிம்பைச் சற்று மழுக்கினால் சுரண்டிக்கொண்டு இறங்கும்.

ஸ்குரோல் வாளின் எதிரி சூடு. முதல் வேலையில் ‘தீ’யைச் சுற்றி வந்து வாளை நிறுத்திவிட்டுப் பார்த்தால், வெட்டின வழியெல்லாம் உருகித் திரும்ப ஒட்டியிருந்தது. கடையில் நான் கேட்காமல் வாங்கியது இழுத்துச் செய்த சீற். அது சீக்கிரம் இளகும். வார்த்துச் செய்த சீற் இவ்வளவு படுத்தாது. அதற்குப் பிறகு மேல்தாளை உரிப்பதில்லை. அதன்மேல் பார்சல் ரேப்பும் ஒட்டுவேன். பல் இடைவெளி கூடிய பிளேட், குறைந்த வேகம். வெட்டு முகம் மங்கலாகத்தான் வரும். 240, 400, 600 என்று தண்ணீரோடு அரத்தாள் போட வேண்டும். சுழிக்குள் அரத்தாளைச் சுருட்டி நுழைப்பது அலுப்பிலும் அலுப்பு.

ரூட்டர், அதிலும் கணினி ஓட்டுகிற சி.என்.சி., தடித்த சீற்றுக்கு ராசா. 10 மில்லிமீற்றரில் எழுத்து நிமிர்ந்து நிற்கும். ஒற்றை வெட்டுவாய் முனையே போடுங்கள். சீவல் வெளியே பறக்க வேண்டும், பொடியாக வந்தால் உருகப்போகிறது என்று அர்த்தம். ஆனால் முனை உருண்டை. 3 மில்லிமீற்றர் முனை உள்மூலையில் ஒன்றரை மில்லிமீற்றர் வளைவை விட்டே தீரும். ‘ட’வின் உள்மூலை கூராக வேண்டும் என்று வாடிக்கையாளர் நின்றால் அரத்தை எடுக்க வேண்டியதுதான்.

நுணுக்கத்தில் லேசரை ஒன்றும் வெல்லாது. வெட்டுத்தடம் 0.2 மில்லிமீற்றரளவு, வார்த்த சீற்றென்றால் விளிம்பு தீட்டின கண்ணாடிபோல் வெளிவரும். ஆனால் கரியமில வாயுவால் ஓடுகிற சி.ஓ.2 லேசராக இருக்க வேண்டும். மலிவாக வருகிற நீல டயோட் லேசர் கறுப்பு அக்ரிலிக்கை வெட்டும். தெளிந்த சீற்றில் ஒளி ஊடுருவிப் போய்விடும், கீறல்கூட விழாது. இதை அறியாமல் வாங்கிவிட்டு மரப்பலகையில் சாமிப்படம் சுடுகிறவர்கள் உண்டு.

சொந்தமாக சி.ஓ.2 மெசின் வாங்க எனக்கும் ஆசைதான். தடுப்பது நம் வெயில். கண்ணாடிக் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் 25 பாகைக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வேலைகள் குவிகிற நேரத்தில், வாளித் தண்ணீரே அதைவிடச் சூடு. ஆகவே தண்ணீரைக் குளிராக்கும் சில்லரும் வேண்டும், புகை இழுக்கும் விசிறியும் வேண்டும், நடுவில் கரண்ட் போனால் சீற்றும் வீண். அக்ரிலிக் எரியும் பொருள் வேறு. மெசினை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போக முடியாது.

பி.வி.சி. போர்ட்டை மட்டும் லேசருக்குள் வைக்காதீர்கள். அதன் புகை நெஞ்சையும் தின்னும், மெசினின் இரும்பையும் தின்னும். சந்தேகமென்றால் செப்புக் கம்பியைச் சுடவைத்துத் துண்டில் தொட்டு, திரும்ப நெருப்பில் பிடியுங்கள்: பச்சைச் சுவாலை வந்தால் அது அக்ரிலிக் இல்லை.

என் கணக்கு இப்படி: ஸ்குரோல் வாள் வீட்டில், லேசர் கூலிக்கு, 6 மில்லிமீற்றருக்கு மேலென்றால் சி.என்.சி. கூலிக்கு. ரூட்டர் சொந்தமாக வாங்கும் எண்ணமே இல்லை. லேசரில் வெட்டி வந்ததைத் தின்னர் துணியால் துடைத்துவிடாதீர்கள். விளிம்பில் மயிர்க்கோடாக வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். இன்னொன்று, வெட்டக் கொடுக்கிற கணினிப் பைலில் புள்ளிகளை நாலைந்து கூடுதலாகவே போட்டு அனுப்புங்கள். அவை மெசினின் தேன்கூட்டுத் தட்டுக்குள் விழுந்து தொலையும். முல்லைத்தீவுக்காரர் புள்ளியில்லாத பலகையை வாங்கமாட்டார்.